கோட்டையிலிருந்து களத்துமேடு வரை: கம்பெனிக் காலச் சென்னை மாகாணத்தின் சட்டத்தையும் ஊர் நிர்வாகத்தையும் படிப்பது எப்படி?

பரணில் கிடந்த தகரப்பெட்டியைத் திறக்கிறீர்கள். அடியில் மடித்துவைத்த காகிதம் ஒன்று. ‘பசலி 1228’, ‘கர்ணம்’, ‘முன்சீப் தீர்மானம்’, ‘பாயக்காரி’, ‘கிஸ்து’ என்ற சொற்கள் மட்டும் கண்ணுக்குப் பிடிபடுகின்றன. எழுத்து புரிந்தாலும் பொருள் புரிவதில்லை. யார் யாருக்கு எழுதியது, எந்த அதிகாரத்தில் எழுதியது, அந்தத் தீர்மானத்தை எதிர்த்து மேலே போக முடிந்ததா? இதற்கெல்லாம் விடை அந்தக் காகிதத்தில் இருக்காது. அது சென்னைக் கோட்டையில் அச்சான சட்டத்திலும், அந்தச் சட்டம் ஊருக்குள் வந்து சேர்ந்த வழியிலும் இருக்கிறது.

அந்த வழியை நீங்களே பின்தொடர்ந்து போக இதை எழுதுகிறேன். 1792-க்கும் 1862-க்கும் இடைப்பட்ட எழுபது ஆண்டுகளே இதன் எல்லை. சென்னை மாகாணம், அன்றைய பேச்சில் சென்னை ராஜதானி, இந்த எழுபது ஆண்டுகளில்தான் உருப்பெற்றது. பிறகு வந்தவை பெரும்பாலும் இதன்மேல் எழுந்த சுவர்களே.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இந்தக் காலத்துச் சட்டம் எதை எடுத்தாலும், அது நீதியைப் பற்றியதோ, காவலைப் பற்றியதோ, கோயிலைப் பற்றியதோ, முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: வரியை யார் வாங்குகிறார், அவரே வேறு எந்தெந்த அதிகாரங்களைக் கையில் வைத்திருக்கிறார்? பல ஆண்டுகள் இந்த ஆவணங்களோடு இருந்த பிறகு, இதைவிடப் பயனுள்ள கேள்வி வேறொன்று எனக்குக் கிடைக்கவில்லை.

முதல் படி: உங்கள் ஊர் எப்போது, யாரிடமிருந்து கம்பெனியின் கைக்கு வந்தது?

தமிழ்நாடு முழுவதும் ஒரே நாளில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போகவில்லை. செங்கல்பட்டுப் பகுதி ஆற்காடு நவாபிடமிருந்து 1763-இல் ஜாகீராக, அதாவது வருவாயை வாங்கிக்கொள்ளும் உரிமையோடு, கிடைத்தது. பாரமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) திண்டுக்கல்லும் 1792-இல் திப்பு சுல்தானுடன் செய்த ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையால் வந்தன. திப்பு வீழ்ந்த 1799-இல் கோயம்புத்தூர் வந்தது. அதே ஆண்டு தஞ்சாவூர் அரசர் சரபோஜி கோட்டையையும் அதைச் சுற்றிய சிறு நிலப்பகுதியையும் மட்டும் வைத்துக்கொண்டு நாட்டு நிர்வாகத்தை விட்டுக்கொடுத்தார். 1801 ஜூலை 31 அன்று நவாபுடன் கையெழுத்தான உடன்படிக்கை ஆற்காடு, திருச்சிராப்பள்ளி, மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஒரே மூச்சில் கொண்டுவந்தது.

தெற்கே பாளையங்களாக இருந்த ஊர்களுக்கு இன்னும் ஒரு திருப்பம் உண்டு. கட்டபொம்மன் 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார்; மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். பாளையக்காரர்கள் கோட்டை வைத்திருக்கக்கூடாது, ஆயுதம் தாங்கக்கூடாது என்றது அது. பாளையக்காரராக இருந்தவர் ஜமீன்தாராக மாறியது இந்தக் கட்டத்தில்தான். உங்கள் ஊர் ஆவணத்தில் ‘பாளையம்’ என்ற சொல் மறைந்து ‘ஜமீன்’ என்ற சொல் எந்த ஆண்டு நுழைகிறது என்று பாருங்கள். அந்த ஒரு சொல்மாற்றத்துக்குப் பின்னால் ஒரு போர் இருக்கிறது.

புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். இங்கே சொல்லும் சட்டங்கள் அதற்குப் பொருந்தா. காரைக்கால் பிரெஞ்சுக்காரரிடம் இருந்தது. தரங்கம்பாடியை டேனிஷ்காரர்கள் 1845-இல்தான் விற்றார்கள். எல்லையோர ஊர் என்றால் இதை முதலில் சரிபார்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: காலம், காசு, அளவு

பசலி என்பது வரிக்கணக்குக்கான ஆண்டு. பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1228 என்றால் 1818-இன் நடுவில் தொடங்கி 1819-இன் நடுவில் முடிந்த ஆண்டு. வருவாய்க் கணக்கு முழுவதும் பசலியில்தான் ஓடும். நீதிமன்ற ஆவணம் ஆங்கிலத் தேதியில் இருக்கும். ஒரே வழக்கின் இரண்டு தாள்கள் வெவ்வேறு ஆண்டுகளைச் சேர்ந்தவை என்று நினைத்துப் பிரித்துவைத்து, பல நாள் உழைப்பை நான் வீணாக்கியதுண்டு. எதையும் படிக்கும் முன் தாளின் ஓரத்தில் பென்சிலால் இரண்டு ஆண்டுகளையும் குறித்துவிடுவது அதன்பின் வந்த பழக்கம்.

காசு: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். 1818 முதல் ரூபாயே மாகாணத்தின் நாணயக் கணக்கு ஆனது. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்பது அரசு வைத்த விகிதம். 1818-ஐ ஒட்டிய ஆவணங்களில் இரண்டும் கலந்து வரும்.

நிலம்: செங்கல்பட்டுப் பக்கம் 100 குழி ஒரு காணி, ஏறத்தாழ 1.32 ஏக்கர். தஞ்சாவூரில் 20 மா ஒரு வேலி, ஏறத்தாழ 6.6 ஏக்கர். குழியின் அளவு வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். பக்கத்து மாவட்டக் கணக்கை உங்கள் ஊருக்குப் பொருத்தாதீர்கள்.

மூன்றாம் படி: சட்டத்தைச் செய்தவர் யார்?

இது சிறிய கேள்வி போலத் தோன்றும். ஆனால் இங்கேதான் இந்த ஆட்சியின் முகம் தெரியும்.

முதலில் பட்டணத்தையும் மொபசலையும் பிரித்துக்கொள்ளுங்கள். சென்னைப் பட்டணத்துக்குள் 1801-இல் திறந்த சுப்ரீம் கோர்ட் இருந்தது. இங்கிலாந்து அரசரின் பெயரால் அமைந்த அந்த நீதிமன்றத்தில் ஆங்கிலச் சட்டம் நடந்தது. பட்டணத்தின் எல்லைக்கு வெளியே இருந்த நாடு முழுவதும் மொபசல். அங்கே கம்பெனியின் சொந்த நீதிமன்றங்கள்: ஜில்லா கோர்ட், அதற்கு மேல் மாகாணக் கோர்ட், உச்சியில் உரிமை வழக்குக்குச் சதர் அதாலத், குற்ற வழக்குக்குப் பௌஜ்தாரி அதாலத். 1802-இல் அமைந்த மாகாணக் கோர்ட்டுகள் நான்கு: மசூலிப்பட்டணம், சித்தூர், திருச்சிராப்பள்ளி, தலைச்சேரி. பட்டணமும் மொபசலும் ஒரே கூரையின் கீழ் வந்தது 1862-இல் உயர் நீதிமன்றம் திறந்தபோதுதான். எனவே திருவல்லிக்கேணி வீட்டு வழக்கையும் காஞ்சிபுரத்து வீட்டு வழக்கையும் ஒரே கண்ணாடி போட்டுப் படிக்க முடியாது.

மொபசலுக்கான சட்டத்துக்கு ரெகுலேஷன் என்று பெயர். அதை இயற்றும் அதிகாரத்தை 1800-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் செய்த சட்டம் சென்னை ஆளுநருக்கும் அவருடைய ஆலோசனைச் சபைக்கும் தந்தது. சபை என்றதும் இன்றைய சட்டப்பேரவையை நினைத்துவிடக் கூடாது. கோட்டைக்குள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்த விரல்விட்டு எண்ணக்கூடிய ஆங்கிலேயர்களே அந்தச் சபை. வரி கட்டியவர்களில் ஒருவருக்கும் அங்கே இடமில்லை, தேர்தல் என்ற பேச்சே இல்லை. அந்த மேசையில் எழுதியது தாமிரபரணிக் கரையில் உழுதவனைக் கட்டுப்படுத்தியது.

ஆயினும் எழுதியதை ஒழுங்காக எழுத அவர்கள் தங்களுக்கே ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். 1802-இன் முதல் ரெகுலேஷன் அதுதான். ஒவ்வொரு சட்டத்துக்கும் ஏன் இயற்றுகிறோம் என்று சொல்லும் முகவுரை வேண்டும், பிரிவு, உட்பிரிவு என்று எண்ணிட வேண்டும், அச்சிட வேண்டும், நாட்டு மொழிகளில் பெயர்க்க வேண்டும். இதனால் நமக்கு ஒரு பெரிய வசதி. ரெகுலேஷனைக் கையில் எடுத்தால் முகவுரையை இரண்டு முறை படியுங்கள். எதைக் கண்டு அஞ்சி அதை இயற்றினார்கள் என்பது அங்கேதான் வெளிப்படும். பிரிவுகள் அதிகாரத்தின் குரலில் பேசும், முகவுரை அதன் கவலையைச் சொல்லும்.

குறிக்கும் முறை எளிது: ஆண்டும் எண்ணும். 1802-இன் 25 என்றால் அந்த ஆண்டின் இருபத்தைந்தாவது ரெகுலேஷன். பழைய அச்சில் இந்த எண் ரோமன் இலக்கத்தில் இருக்கும்.

1834-க்குப் பிறகு சென்னையின் ரெகுலேஷன்களைத் தேடாதீர்கள், கிடைக்காது. 1833-இன் சாசனச் சட்டம் சென்னையின் சட்டமியற்றும் அதிகாரத்தை எடுத்துக் கல்கத்தாவில் இருந்த கவர்னர் ஜெனரலின் சபையிடம் ஒப்படைத்தது. அதன்பின் வந்தவை ஆக்ட் என்ற பெயரில் இந்தியா முழுமைக்கும் ஒரே வரிசை எண்ணில் வரும். 1861-இன் கவுன்சில் சட்டத்தால்தான் அந்த அதிகாரம் சென்னைக்குத் திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளில் சென்னை அரசு ஒரு சிறு விதியை மாற்ற விரும்பினாலும் கல்கத்தாவுக்கு எழுதிக் காத்திருக்க வேண்டும். பழைய ரெகுலேஷன்கள் பல தலைமுறைகள் கடந்தும் மாறாமல் கிடந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

நான்காம் படி: நிலம் எந்த ஏற்பாட்டில் இருந்தது?

1802-இன் 25-ஆவது ரெகுலேஷன் நிரந்தர நிலவரித் திட்டம். நிலவரியை இனி மாறாதபடி நிர்ணயித்து, அதைக் கட்டும் பொறுப்பை ஜமீன்தாரிடம் விடுவது அது. வங்காளத்தில் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் செய்ததைச் சென்னையிலும் செய்யச் சொன்ன மேலிடத்து ஆணையின் பலன் அது. பாளையங்கள் இருந்த இடத்தில் ஜமீன்தார் கிடைத்தார். அப்படி யாரும் இல்லாத இடத்தில் என்ன செய்வது? ஊர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து மிட்டா என்று பெயரிட்டு ஏலம் விட்டார்கள். செங்கல்பட்டு ஜாகீர் 61 மிட்டாக்களாக ஏலம் போனது. ஊரையே பார்த்திராதவர் ஏலத்தில் எடுத்து மிட்டாதார் ஆனார். பல மிட்டாக்கள் சில ஆண்டுகளிலேயே பாக்கி விழுந்து அரசிடம் திரும்பின.

மற்றொரு மரபு பாரமகாலில் முளைத்தது. 1792-இல் அங்கே பொறுப்பேற்ற அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் இடையில் யாரும் இல்லாமல் ஒவ்வொரு குடியானவரோடும் நேராக வரியைப் பேசி முடிக்கும் முறையை அங்கே வளர்த்தார்கள். இதுவே ரயத்துவாரி. 1808-ஐ ஒட்டிக் கிராமக் குத்தகை முறை குறுக்கிட்டது. முதலில் மூன்று ஆண்டு, பிறகு பத்து ஆண்டு. 1818-க்குப் பிறகு ரயத்துவாரியே ஜமீனற்ற பகுதிகளின் பொதுமுறை ஆனது. மன்றோ 1820 முதல் 1827-இல் காலராவில் இறக்கும்வரை ஆளுநராக இருந்தது அதை உறுதியாக்கியது.

உங்கள் ஊரில் எது நடந்தது என்று கண்டுபிடிக்க ஒரு சுருக்குவழி சொல்கிறேன். பட்டாவைக் கொடுத்தவர் யார் என்று பாருங்கள். கலெக்டர் கச்சேரியின் பெயரால் ஆண்டுதோறும் வரிக்கணக்கைத் தீர்க்கும் ஜமாபந்தியில் கொடுத்திருந்தால் ரயத்துவாரி. ஜமீன்தாரோ மிட்டாதாரோ கொடுத்து, குடியானவர் பதிலுக்குக் கபூலியத் என்ற ஒப்புதல் பத்திரம் எழுதிக்கொடுத்திருந்தால் நிரந்தரத் திட்டம். அதற்கான விதி 1802-இன் 30. வரி தள்ளுபடியான நிலம் என்றால் இனாம். அதற்கு 1802-இன் 31.

நிரந்தரத் திட்டத்தால் குடியானவர்களின் பழைய உரிமைகள் அழிந்துவிட்டனவா என்ற சண்டை உடனே எழுந்தது. அழியவில்லை, அந்த உரிமைகளை வரையறுப்பது அந்தச் சட்டங்களின் நோக்கமே அல்ல என்று விளக்க இருபது ஆண்டு கழித்து 1822-இன் 4 வரவேண்டியிருந்தது. ஒரு சட்டம் என்ன சொல்லவில்லை என்பதைச் சொல்ல இன்னொரு சட்டம். நடுவில் கழிந்த இருபது ஆண்டுகளில் எத்தனை குடும்பங்கள் நிலத்தை விட்டுப் போயிருக்கும் என்பதை நினைக்காமல் இந்தத் தேதிகளைக் கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை.

ஐந்தாம் படி: ஊருக்குள் இருந்தவர்களை வரிசைப்படுத்துங்கள்

ஒரு தாளை எடுத்து ஊரின் பதவிகளை எழுதுங்கள். மணியக்காரர் அல்லது நாட்டாண்மை, கர்ணம், தலையாரி, வெட்டியான், ஏரிமடையைத் திறந்து நீர் பாய்ச்சும் நீர்க்கட்டி. அப்புறம் தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர், பூசாரி, சோதிடர், வாத்தியார். 1812-இல் இங்கிலாந்து நாடாளுமன்றக் குழுவின் ஐந்தாம் அறிக்கை கிராமத்தை ஒரு சிறு குடியரசு போல வர்ணித்துக் கொடுத்த பட்டியல் ஏறத்தாழ இதுவேதான். அந்த வர்ணனை அழகானது. அதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

இவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அறுவடை நாளில் களத்துமேட்டிலேயே, அரசுப் பங்கைப் பிரிக்கும் முன்போ பின்போ, மரக்கால் மரக்காலாக அளந்து எடுப்பது மேரை. அதையே சுதந்திரம் என்றும் எழுதுவார்கள். விடுதலை என்ற பொருளில் இன்று நாம் சொல்லும் அதே சொல், அன்றைய கணக்கில் ஒருவருக்கு உரிமையாக வரும் நெல்லைக் குறித்தது. இதைத் தவிர, பதவிக்காக விடப்பட்ட மானிய நிலம். மேரைக் கணக்கு கிடைத்தால் பொக்கிஷம் கிடைத்ததாக எண்ணுங்கள். ஊரில் யாருக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பது அதில் மரக்கால் கணக்கில் நிற்கும்.

கர்ணம் இவர்களில் தனி. நிலத்தின் பரப்பு, விளைச்சல், யார் பயிரிட்டார், எவ்வளவு கட்டினார் என்பதெல்லாம் அவருடைய ஓலையிலும் காகிதத்திலும் இருந்தன. கணக்கை மறைத்தால் கம்பெனிக்குக் கண் தெரியாது. 1802-இன் 29-ஆவது ரெகுலேஷனின் முகவுரையைப் படித்தால் இந்த அச்சம் தெளிவாகத் தெரியும். வருவாய் குறையாமல் காக்கவும், வழக்கு வந்தால் நீதிமன்றத்துக்கு நம்பத்தக்க கணக்கு கிடைக்கவும் கர்ணத்தின் பதவியைச் சட்டத்துக்குள் கொண்டுவருகிறோம் என்கிறது அது. நிரந்தரத் திட்டத்தில் இருந்த ஊர்களில் ஜமீன்தாரே கர்ணத்தை நியமிக்கலாம், ஆனால் முன்னவரின் வாரிசுகளிலிருந்துதான் நியமிக்க வேண்டும். நீதிமன்றத் தீர்ப்பில்லாமல் நீக்க முடியாது. ஜமீன்தாரின் ஊருக்குள் ஜமீன்தாரால் அசைக்க முடியாத ஒரு கணக்குப்பிள்ளை. கம்பெனி இதைத் தெரிந்தே செய்தது.

பிறகு 1831-இன் 6 வந்தது. பரம்பரை ஊர்ப் பதவிக்கும் அதன் மானியத்துக்கும் உரிமை கோரும் வழக்கை நீதிமன்றத்திலிருந்து எடுத்துக் கலெக்டரிடம் கொடுத்தது. கர்ண மானிய வழக்கு ஒன்று 1831-க்கு முந்தையதா பிந்தையதா என்பதைப் பார்த்தால் அதை எந்த அலுவலகத்துக் கட்டில் தேடுவது என்பது தெரிந்துவிடும்.

பதவிப் பட்டியலை முடித்ததும் அதே தாளின் அடுத்த பக்கத்தில் நில உறவை எழுதுங்கள். மேலே, ஊர் நிலத்தில் பரம்பரை உரிமை உடைய மிராசுதார். அவருக்குக் கீழே ஊரிலேயே குடியிருந்து பயிரிடும் உள்குடிப் பாயக்காரி, வெளியூரிலிருந்து வந்து பயிரிடும் புறக்குடிப் பாயக்காரி. தொண்டை நாட்டு மிராசு உரிமையைச் சென்னைக் கலெக்டர் எல்லிஸ் 1816-இல் கல்வெட்டும் இலக்கியமும் காட்டி விரிவாக எழுதிவைத்தார். தமிழை ஆழமாகக் கற்ற மனிதர். எல்லோருக்கும் அடியில் பண்ணையாள், நிலத்தோடு சேர்த்துக் கைமாறிய மனிதர். அடிமைத்தனத்தை நீதிமன்றம் ஏற்கக்கூடாது என்று சட்டம் சொன்னது 1843-இன் 5-ஆவது ஆக்டில்தான். அதற்கு முந்தைய ஆவணங்களில் பட்டா இவர்கள் பெயரில் இராது, ஜமாபந்தியில் இவர்கள் குரல் இராது. ஐந்தாம் அறிக்கையின் சிறு குடியரசில் இவர்களுக்கு இடம் எது என்று கேளுங்கள். அந்த வர்ணனையை நம்பவேண்டாம் என்று நான் சொன்னது இதனால்தான்.

ஆறாம் படி: 1802-ஐயும் 1816-ஐயும் அருகருகே வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

1802-இன் ஏற்பாட்டில் வரி வாங்குபவர் வேறு, தண்டிப்பவர் வேறு. கலெக்டர் வரியோடு நின்றார். ஜில்லா நீதிபதி வழக்கைக் கேட்டார், மாஜிஸ்திரேட் வேலையும் அவருடையதே. கலெக்டர் அத்துமீறினால் அவர்மேலேயே நீதிபதியிடம் வழக்குப் போடலாம். குற்றத்துக்குச் சில மாற்றங்களோடு இஸ்லாமியக் குற்றவியல் சட்டம். நீதிபதியின் அருகில் இஸ்லாமியச் சட்டம் அறிந்த முப்தி அமர்ந்து பத்வா, அதாவது சட்டக் கருத்து, சொன்னார். திருமணம், வாரிசுரிமை, சாதி வழக்கம் ஆகியவற்றில் இந்துவுக்கு இந்துச் சட்டம், முஸ்லிமுக்கு இஸ்லாமியச் சட்டம்.

தாளில் இது நன்றாக இருந்தது. ஆனால் சில கோர்ட்டுகள், ஏராளமான வழக்குகள். தொலைவில் இருந்த நீதிமன்றத்துக்கு ஏழைக் குடியானவர் போய்ச் சேர்வதே அரிது. மன்றோ இதைத்தான் தாக்கினார். இந்த நாட்டு மக்களுக்கு இந்த நாட்டு முறையே வேண்டும், ஊர்த்தலைவரையும் பஞ்சாயத்தையும் பயன்படுத்துங்கள் என்றார். அவர் தலைமையில் நீதித்துறை ஆணையம் 1814-இல் அமைந்தது. 1816-இல் ரெகுலேஷன்கள் வரிசையாக வந்தன.

1816-இன் 4: ஊர்த்தலைவரே கிராம முன்சீப், அதாவது சிறு வழக்குகளைக் கேட்கும் நீதிபதி. 10 ரூபாய் வரையிலான பணம், பொருள் வழக்கைக் கேட்பார்; மேல்முறையீடு இல்லை. இரு தரப்பும் இசைந்தால் 100 ரூபாய் வரை. நில வழக்கைத் தொடக்கூடாது. 1816-இன் 5: கிராமப் பஞ்சாயத்து. இரு தரப்பும் ஒப்பினால் தொகைக்கு உச்சவரம்பே இல்லை. 1816-இன் 6: ஜில்லா முன்சீப், 200 ரூபாய் வரை. 1816-இன் 9: மாஜிஸ்திரேட் அதிகாரம் நீதிபதியிடமிருந்து கலெக்டருக்கு. 1816-இன் 11: காவல் வேலை தாசில்தாருக்கும் ஊர்த்தலைவருக்கும்; தனிக் காவல் அதிகாரியான தரோகாவை வைக்கும் முறைக்கு முடிவு. 1816-இன் 12: நில எல்லைத் தகராறு பஞ்சாயத்துக்கு.

இந்த வரிசையில் எல்லோரும் பாராட்டுவது 4-ஐயும் 5-ஐயும்தான். ஊருக்கே நீதி வந்துவிட்டது என்பார்கள். ஆனால் பஞ்சாயத்தை நாடி வந்தவர்கள் மிகக் குறைவு. மன்றோ எதிர்பார்த்தது நடக்கவில்லை. ஊரின் வாழ்வை உண்மையில் மாற்றியவை 9-உம் 11-உம். இப்போது வரி வாங்கும் கலெக்டரே மாஜிஸ்திரேட். அவருக்குக் கீழே வரி வாங்கும் தாசில்தாரே காவல் அதிகாரி. ஊரில் வரி வாங்கும் மணியக்காரரே முன்சீப்பும் காவலரும். மேலிருந்து கீழ்வரை வரி, நீதி, காவல் என்ற மூன்று அதிகாரமும் ஒரே கையில்.

11-ஆவது ரெகுலேஷனின் 10-ஆவது பிரிவைத் தவறாமல் படியுங்கள். வசைச்சொல், சிறு அடிதடி போன்றவற்றுக்கு ஊர்த்தலைவர் ஒருவரை ஊர்ச் சாவடியில் 12 மணி நேரம்வரை அடைத்துவைக்கலாம். ஆனால் குற்றம் செய்தவர் தாழ்ந்த சாதி என்று கருதப்பட்டவரானால், அவமானமான அந்தத் தண்டனை அவருக்குத் தகாதது ஆகாது என்ற சொற்களோடு, தொழுமரத்தில் 6 மணி நேரம்வரை காலைப் பூட்டிவைக்கலாம் என்கிறது சட்டம். இது ஊர் வழக்கமாக எங்கோ நடந்ததைப் பற்றிய குறிப்பு அல்ல. கோட்டையில் எழுதி, எண்ணிட்டு, அச்சிட்டு, தமிழில் பெயர்த்து அனுப்பிய சட்டம். ஒரே குற்றத்துக்குச் சாதியைப் பார்த்துத் தண்டனை. சாதி பழைய வழக்கம், சட்டம் புதிய சமத்துவம் என்று பள்ளியில் படித்த கதையை இந்தப் பிரிவுக்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள்.

ஏழாம் படி: ஒரு ஊரைக் கற்பனை செய்து வழக்குகளை நடத்திப் பாருங்கள்

செங்கல்பட்டுப் பக்கம் ஏரிப்பாசனம் உள்ள ஓர் ஊர், பசலி 1228 என்று வைத்துக்கொள்வோம். கீழே வருபவை நான் கற்பனை செய்தவை, விதிகள் மட்டும் உண்மை.

ஒருவர் 8 ரூபாய் மதிப்புள்ள நெல்லைக் கடன் வாங்கித் திருப்பவில்லை. கிராம முன்சீப் தீர்த்துவைப்பார், அதோடு முடிந்தது. கடன் 60 ரூபாய். இருவரும் இசைந்தால் அதே முன்சீப். இல்லாவிட்டால் ஜில்லா முன்சீப்பிடம் போகவேண்டும். பக்கத்து ஊரோடு எல்லைத் தகராறு என்றால் 12-ஆவது ரெகுலேஷன், பஞ்சாயத்து. மாடு திருட்டு என்றால் தலையாரி பிடிப்பார், மணியக்காரர் விசாரித்துத் தாசில்தாருக்கு அனுப்புவார், அவர் மேலே அனுப்புவார். பெருங்குற்றமானால் சுற்றிவரும் சர்க்யூட் நீதிபதிவரை போகும்.

இப்போது ஐந்தாவது வழக்கு. ஏரி உடைந்து நஞ்சை காய்ந்த ஆண்டில் தாசில்தாரின் ஆள் கிஸ்தை, அதாவது வரித் தவணையை, முழுதாகக் கேட்டு ஒரு பாயக்காரியை வெயிலில் நிறுத்தி அடித்தான். அடிபட்டவர் யாரிடம் போவார்? ஊர்த்தலைவரிடம் போகலாம், கிஸ்து வசூல் அவர் பொறுப்பு. தாசில்தாரிடம் போகலாம், அடித்தவன் அவர் ஆள். கலெக்டரிடம் போகலாம், கிஸ்து குறைந்தால் மேலிடத்துக்குப் பதில் சொல்லவேண்டியவர் அவர். 1822-இன் 9-ஆவது ரெகுலேஷன் வருவாய் ஊழியர் செய்யும் கையாடலையும் கட்டாய வசூலையும் விசாரிக்கும் அதிகாரத்தைக் கொடுத்ததும் அதே கலெக்டருக்குத்தான்.

உங்கள் கையில் இருக்கும் காகிதத்தையும் இதேபோல் நடத்திப் பாருங்கள். அது எந்தக் கதவில் தொடங்கியது, எந்தக் கதவில் நின்றுபோனது என்று கோடு போட்டால் போதும்.

எட்டாம் படி: கோப்பில் இல்லாததைத் தேடுங்கள்

ஐந்தாவது வழக்கு போன்றவை மாவட்டக் கட்டுகளில் எளிதில் அகப்படா. அவை ஒட்டுமொத்தமாக வெளிவந்த இடம் ஒன்று உண்டு. 1852-இல் கஜுலு லட்சுமிநரசு செட்டி சென்னையில் தொடங்கிய சங்கம் வரிக்கொடுமைகளைப் பற்றி லண்டனுக்கு மனு அனுப்பிக்கொண்டிருந்தது. 1854-இல் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. சித்திரவதைக் குற்றச்சாட்டுகளை விசாரிக்க ஆணையம் அமைந்து 1855-இல் அறிக்கை தந்தது. மாகாணத்தின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் மனுவோடு வந்தார்கள். சிலர் நெடுந்தூரம் நடந்தே வந்தார்கள்.

அந்த அறிக்கையில் ஆங்கில வரிகளுக்கு நடுவே இரண்டு தமிழ்ச்சொற்கள் நிற்கின்றன: கிட்டி, அண்ணாந்தாள். கிட்டி என்பது விரல்களை வைத்து நெரிக்கும் கட்டை. அண்ணாந்தாள் என்பது கழுத்தையும் கால்விரலையும் கயிற்றால் இழுத்துக்கட்டி வளைத்து நிறுத்துவது. ஆங்கிலத்தில் இவற்றுக்குச் சொல் இல்லாததால் நம் சொல்லையே எழுதிக்கொண்டார்கள்.

கொடுமை பரவலாக நடந்தது என்று ஆணையம் ஒப்புக்கொண்டது. வருவாயும் காவலும் ஒரே ஆளிடம் இருப்பதே கேடு என்றும் கண்டது. ஆனால் பழியை உள்நாட்டுச் சிப்பந்திகள்மேல் போட்டது. ஐரோப்பிய அதிகாரிகளிடமிருந்து மக்கள் பாதுகாப்புக் கேட்கவில்லை, தங்கள் நாட்டாரிடமிருந்தே கேட்கிறார்கள் என்றது. இதை நான் ஏற்கவில்லை. அடித்த கை உள்ளூர்க்காரனுடையதுதான், அவன் குற்றத்தை யாரும் குறைக்க முடியாது. அந்தக் கையில் கிஸ்துப் புத்தகத்தையும் காவல் தடியையும் ஒன்றாகக் கொடுத்தது 1816-இன் ரெகுலேஷன். அதை எழுதியவர்கள் கோட்டையில் இருந்தார்கள்.

1859-இன் 24-ஆவது ஆக்ட் தனிப் போலீஸை உருவாக்கித் தாசில்தாரிடமிருந்து காவலைப் பிரித்தது. ஊர்த்தலைவரின் 1816 அதிகாரமோ அதன்பிறகும் நீண்டகாலம் தொடர்ந்தது.

ஒன்பதாம் படி: எங்கே தேடுவது?

கலெக்டர்களின் வரி நிர்வாகத்தை மேற்பார்த்த வருவாய் வாரியம் 1786-இல் அமைந்தது. அன்றுமுதலான அதன் நடவடிக்கைக் குறிப்புகள் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஊர்ப்பெயரைக் கொண்டு தேடாதீர்கள். மாவட்டம், ஆண்டு, பொருள் என்ற வரிசையில் அட்டவணையைப் பாருங்கள். ஊர்ப்பெயரின் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டை முன்கூட்டியே நாலைந்து விதமாக எழுதிக்கொண்டு போங்கள். கலெக்டரின் கடிதம் ஒன்று கிடைத்தால் அதோடு நிறுத்தாமல், அதற்கு வாரியம் எழுதிய பதிலையும், அதன்மேல் கோட்டை இட்ட உத்தரவையும் சேர்த்து எடுங்கள். பெரும்பாலும் இணைப்பாக வந்த குடிகளின் மனு, மொழிபெயர்ப்பாக, நடுவில் ஒளிந்திருக்கும்.

ஊர்க் கணக்குகளுக்கு வேறு வழி. பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறையைத் தமிழ்நாடு அரசு 1980-இல் ஒழித்தபோது கணக்குகள் கைமாறின. அலுவலகத்துக்குப் போனவை போக, கர்ணம் வீடுகளிலேயே தங்கிவிட்டவை பல. அந்த வீட்டார் இருந்தால் நேரில் போய்ப் பேசுங்கள். ஓலைக்கட்டு இருந்தால் அவிழ்க்கும் முன் கட்டியிருக்கும் வரிசையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். வரிசை கலைந்தால் எந்த வயலுக்கு அடுத்து எந்த வயல் என்பது போய்விடும். அதன் பிறகு வயலுக்குப் போங்கள். ஏரிக்கரையில் நின்று மடையை எண்ணிப் பாருங்கள். கணக்கில் நீர்க்கட்டிக்கு மேரை எழுதியிருக்கும் மடைகளும் கண்ணெதிரே இருப்பவையும் ஒத்துவருகின்றனவா என்று அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.